காமா வளையத்தில் 13 பந்தா, 14 பந்தா? நுண்குழாய் மாதிரி செய்கிறோம், விளக்கம் வேண்டும்

சிப்பூட்_படிவம்ஆறு:

அண்ணன்மார், அக்காமார் எல்லாருக்கும் வணக்கம். சுங்கை சிப்பூட்டில் படிவம் ஆறு உயிரியல் படிக்கும் நாலு பேர் சேர்ந்து அறிவியல் கண்காட்சிக்கு, செல்லுக்குள் சட்டம் போலவும் தடம் போலவும் இருக்கும் நுண்குழாயின் (மைக்ரோடியூபுல்) மாதிரி செய்கிறோம். பிங்பாங் பந்துகளை, அந்தக் குழாயைக் கட்டும் டியூபுலின் என்ற புரதமாக வைக்கலாம் என்று திட்டம். மூன்று இடத்தில் மாட்டிக்கொண்டோம்.

குழாயின் அடியில் இருக்கும் காமா-டியூபுலின் வளையத்தில் ஒரு படம் 13 காட்டுகிறது, இன்னொரு படம் 14 காட்டுகிறது. எது சரி?

சோதனைக்குழாயில் டியூபுலினை வைத்துச் சூடாக்கினால் தானாகவே குழாய் ஆகிவிடுகிறது என்று படித்தோம். அப்படியானால் செல்லுக்கு அந்த வளையம் எதற்கு?

பாடநூல் நுண்குழாய் சென்ட்ரோசோமிலிருந்து (விலங்குச் செல்லில் கருவின் அருகே உள்ள சிறு மையம்) முளைக்கிறது என்கிறது. இங்கே எங்களைச் சுற்றி நிற்பதெல்லாம் செம்பனையும் ரப்பரும்தான். அவற்றின் செல்லில் சென்ட்ரோசோமே கிடையாதே, அங்கே எங்கிருந்து முளைக்கிறது?

பரீட்சைக்கு ஒரு வரி போதும். மாதிரிக்கு முன்னால் நிற்பவர் கேட்டால் ஒழுங்காகப் பதில் சொல்ல வேண்டும், அதற்காகத்தான் கேட்கிறோம்.

நுண்ணோக்கி_ஈப்போ:

இரண்டாவது கேள்வியைத்தான் முதலில் பிடிக்க வேண்டும் தங்கச்சி. அது புரிந்தால் மற்ற இரண்டும் தானாக அவிழும்.

ஒரு பெயர்ச் சிக்கல் மட்டும் முன்கூட்டியே. டியூபுலின் பிடித்துவைத்திருக்கும் குவானோசின் மூலக்கூறைத் தமிழில் 'ஜிடிபி' என்று எழுதினால் மூன்று பாஸ்பேட் உள்ளதா, இரண்டு உள்ளதா என்று தெரியாது. இந்தக் கதையே அந்த ஒரு பாஸ்பேட்டைப் பற்றியதுதான். அதனால் முப்பாஸ்பேட், இருபாஸ்பேட் என்றே எழுதுகிறேன். உங்கள் பதாகையிலும் அப்படியே எழுதுங்கள்.

ஆல்பா ஒன்று, பீட்டா ஒன்று ஒட்டிய ஜோடிதான் டியூபுலின். நீளம் 8 நானோமீட்டர். ஜோடிகள் ஒன்றின் தலைமேல் ஒன்றாக அடுக்கப்பட்டு ஒரு வரிசை ஆகும். 13 வரிசைகள் பக்கம் பக்கமாகச் சேர்ந்து 25 நானோமீட்டர் அகலக் குழாய் ஆகும். ஒரு மைக்ரோமீட்டர் குழாய்க்கு 1,600க்கும் சற்று அதிகமான ஜோடிகள் வேண்டும்.

வளர்வது எளிது, தொடங்குவதுதான் கடினம். ஏற்கனவே இருக்கும் குழாயின் நுனிக்கு வரும் ஜோடிக்குக் கீழேயும் பிடி கிடைக்கும், பக்கத்திலும் பிடி கிடைக்கும். கரைசலில் இரண்டு மூன்று ஜோடிகள் தற்செயலாகச் சந்தித்தால் பக்கப் பிடி போதாது, உடனே பிரிந்துவிடும். போதாததற்குத் தனியாக மிதக்கும் ஜோடி கொஞ்சம் வளைந்தே இருக்கும். குழாயில் உட்கார நிமிர வேண்டும். சுற்றிலும் பிடித்துக்கொள்ள ஆள் இருந்தால்தான் நிமிர்ந்து நிற்கும்.

எண்ணாகச் சொன்னால்: 37 டிகிரியில், இருக்கும் நுனியிலிருந்து குழாய் வளர 5 முதல் 7 மைக்ரோமோலார் (கரைசலின் செறிவு அலகு) டியூபுலின் போதும். ஆதாரம் எதுவுமில்லாமல் தானாக முளைக்க ஏறக்குறைய 20 மைக்ரோமோலார் வேண்டும். செல்லுக்குள் இருக்கும் அளவு பொதுவாக இந்த இரண்டுக்கும் நடுவில்தான் வரும். ஆக, செல்லில் இருக்கிற குழாய் வளரும், புதுக் குழாய் அடித்தளம் இல்லாமல் கிளம்பாது. இந்த இடைவெளிதான் செல்லின் கையில் உள்ள கடிவாளம். வளையம் எங்கே அமர்த்தப்படுகிறதோ அங்கே குழாய். மற்ற இடத்தில் இல்லை. நீங்கள் படித்த சோதனையில் டியூபுலின் அளவை வேண்டுமென்றே 20க்கு மேல் ஏற்றியிருப்பார்கள், கிளிசராலும் சேர்த்திருப்பார்கள்.

இன்னொரு லாபமும் உண்டு. குழாய்க்கு இரண்டு முனையும் ஒன்றல்ல. பீட்டா வெளியே பார்க்கும் முனை வேகமாக வளரும் கூட்டல் முனை. ஆல்பா வெளியே பார்ப்பது கழித்தல் முனை. வளையம் கழித்தல் முனையைப் பிடித்துக்கொள்வதால் எல்லாக் குழாயும் ஒரே திசை பார்க்கும். பெரும்பாலான கைனெசின்கள் கூட்டல் முனையை நோக்கி நடக்கும், டைனின் கழித்தல் முனையை நோக்கி நடக்கும். குழாய்கள் கண்டபடி முளைத்தால் இந்தச் சுமைதூக்கிகள் சரக்கை எந்தப் பக்கம் கொண்டுபோகும்?

வேதிவாணி:

13, 14 இரண்டு படமும் சரிதான், காட்டும் பொருள் வேறு. வளையத்தில் காமா 14. குழாயில் வரிசை 13.

அது மூடிய வட்டம் இல்லை, ஒரு சுற்றுச் சுருள். பதினான்காவது காமா, முதலாவதின் நேர் மேலே வந்து நிற்கும். ஒன்று மற்றொன்றை மறைப்பதால் குழாய்க்கு அடிக்கல்லாகக் கிடைப்பது 13 இடம்தான். பழைய படங்கள் குழாயை வைத்து வரைந்தவை. 2020ல் உறைநிலை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் முதுகெலும்பிகளின் வளையம் தெளிவாகத் தெரிந்தபின் வந்த படங்கள் 14 காட்டும்.

காமா மட்டும் தனியாக நிற்காது. ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு தாங்குபுரதம் உண்டு, ஜிசிபி என்பார்கள். மனித வளையத்தில் ஜிசிபி2 ஐந்து, ஜிசிபி3 ஐந்து, ஜிசிபி4 இரண்டு, ஜிசிபி5 ஒன்று, ஜிசிபி6 ஒன்று, கூட்டினால் 14. உள்பக்கம் ஒரு பாலம், அதில் ஆக்டின் ஒன்றும் உட்கார்ந்திருக்கிறது. தசையில் படித்த அதே ஆக்டின் குடும்பம், இங்கே கட்டடச் சாரம் மாதிரி. மொத்த எடை 20 லட்சம் டால்டனுக்கு மேல். பேக்கரி ஈஸ்ட்டில் ஜிசிபி4, 5, 6 கிடையாது. இரண்டு காமாவும் ஸ்பிசி97, ஸ்பிசி98 என்ற இரண்டு தாங்கிகளும் கொண்ட சிறு துண்டுகளே ஸ்பிசி110 என்ற புரதத்தின் உதவியால் சேர்ந்து சுருள் ஆகும்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று: பிரித்தெடுத்த வளையம் குழாய்க்குச் சரியான அச்சாக இருப்பதில்லை. ஒரு பக்கம் அகலமாக விரிந்து, பந்துகள் இடம் விலகி நிற்கும். அதனால்தான் சுத்தம் செய்து கண்ணாடியில் ஒட்டிய வளையங்களில் மிகச் சிலவே குழாய் முளைக்க வைக்கும். குழாய் முளைத்தபின் எடுத்த 2024ஆம் ஆண்டுக் கட்டமைப்புகளில் வளையம் சுருங்கி நெருங்கியிருப்பது தெரிகிறது. என் பார்வையில் இந்தப் பொருந்தாமை வீண் இல்லை. வளையம் எப்போதும் தயாராக இருந்தால் சைட்டோபிளாசத்தில் மிதக்கிற இடத்திலெல்லாம் குழாய் முளைத்துவிடும்.

அப்புறம் யார் முடுக்குகிறார்கள்? சென்ட்ரோசோமில் சிடிகே5ராப்2 என்ற புரதம் தன் ஒரு சிறு பகுதியால் வளையத்தைப் பிடித்துத் தூண்டுகிறது. நெட்1 வளையத்தை உரிய இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. சிஎச்-டாக் என்ற நீளமான புரதம் ஒரு பக்கம் காமாவைப் பிடித்து, மறுபக்கம் டியூபுலின் ஜோடிகளை அள்ளிக் கொடுக்கிறது. முளைத்தபின் நுனியோடு ஓடி வளர்ச்சியை வேகப்படுத்துவதும் இதே புரதம்தான். சிடிகே5ராப்2, ஜிசிபி6 மரபணுக்கள் பழுதானால் குழந்தை சிறிய தலையோடு பிறக்கும் நோய் வரும். மூளையின் மூலச்செல்கள் பிரியும்போது கதிர்க்கோல் (நிறமூர்த்தங்களைப் பிரிக்கும் நுண்குழாய்க் கட்டு) சரியாக அமையாததே காரணத்தின் ஒரு பகுதி.

செம்பனை_நாற்று:

மூன்றாவது கேள்வி என் பக்கம்.

தாவரச் செல்லில் சென்ட்ரோசோம் இல்லை, காமா வளையம் உண்டு. செல் சவ்வின் உள்பக்கம் ஒட்டி ஓடும் பழைய நுண்குழாய்களின் மேலேயே வளையங்கள் வந்து உட்காரும். பழைய குழாயையும் வளையத்தையும் இணைக்கும் கொக்கி ஆக்மின் என்ற எட்டுப் புரதத் தொகுதி. அங்கிருந்து புதுக்குழாய் சுமார் 40 டிகிரி சாய்ந்து கிளைவிடும், அல்லது பழைய குழாயை ஒட்டியே ஓடும். பிறகு கட்டானின் என்ற நொதி வந்து அடியை வெட்டிவிடும், கிளை தனிக் குழாயாகும். மனிதச் செல்லின் கதிர்க்கோலிலும் இதே ஆக்மின் வேலை செய்கிறது, ஆகவே "சென்ட்ரோசோமிலிருந்து மட்டும்" என்பது விலங்குக்கே முழு உண்மை இல்லை.

இந்தக் குழாய்கள் செல்லைச் சுற்றி வளையம் போட்ட மாதிரி ஓடும். செல்லுலோசு நெய்யும் நொதிகள் அந்தத் தடத்திலேயே ஓடி நார் போடும். பீப்பாய்க்கு இரும்புப் பட்டை போட்டதுபோல் அகலம் கட்டுப்படும், செல் நீளமாக மட்டும் வளரும். பட்டை போனால்? பென்டிமெத்தலின், டிரைஃப்ளூரலின் வகைக் களைக்கொல்லிகள் தாவர டியூபுலினோடு ஒட்டி அது குழாயில் சேர விடாமல் செய்கின்றன. வேர் முனை நீளாமல் கட்டையாக, குண்டாந்தடி மாதிரி வீங்கும். பாலித்தீன் பையில் உள்ள நாற்றின் வேர் அப்படி இருந்தால் உரக்குறை என்று உரத்தை ஏற்றாமல், மண்ணில் இந்த மருந்து இறங்கியதா என்று முதலில் பாருங்கள். செல் பிரிவும் நின்றுபோயிருக்கும், உரம் அதைத் தீர்க்காது.

தோட்டத்துப் பாதையோரம் எங்கும் கிடக்கும் சம்பாவ் புல் தெரியும்தானே? அந்த இனத்தில், அமெரிக்காவில் கண்ட, இந்தக் களைக்கொல்லிகளை எதிர்க்கும் வகையில், ஆல்பா-டியூபுலினின் 239ஆம் இடத்தில் திரியோனின் போய் ஐசோலூசின் வந்திருப்பதை 1998ல் கண்டுபிடித்தார்கள். ஒரே ஒரு அமினோ அமிலம், மருந்து பலிக்கவில்லை. ஆட்டுக் குடற்புழு அல்பென்டசோலுக்கு அசையாமல் போவதும் இதே மாதிரிதான், அங்கே மாறுவது பீட்டாவின் 200ஆம் இடம். ஒரே பூச்சிமருந்தைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் அந்த மாற்றம் உள்ள புழுக்களே மந்தையில் மிஞ்சும்.

கேமரன்_மலை:

நுண்ணோக்கி அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். முப்பாஸ்பேட் உடைந்து இருபாஸ்பேட் ஆகும்போது வரும் சக்தியில்தான் குழாய் வளர்கிறது. அதனால்தான் முப்பாஸ்பேட் இல்லாவிட்டால் குழாய் ஆகாது.

வேதிவாணி:

கேமரன் தம்பி, இதைத் திருத்த வேண்டும், பரீட்சைத் தாளில் அடிக்கடி வரும் பிழை. முப்பாஸ்பேட் இருந்தாலே வளரும், உடைய வேண்டியதில்லை. எளிதில் உடையாத ஜிஎம்பிசிபிபி என்ற மாற்றுப்பொருளைக் கொடுத்தால் குழாய் நன்றாகவே வளரும், கூடவே நிலைத்தும் நிற்கும்.

உடைவது வளர்ச்சிக்கு இல்லை, சரிவுக்கு. ஜோடி குழாயில் சேர்ந்து சற்று நேரத்தில் பீட்டா தன் முப்பாஸ்பேட்டை உடைக்கும். உடைந்த ஜோடி வளையப் பார்க்கும், பக்கத்து வரிசைகள் விடாது. அந்த இறுக்கம் குழாய்ச்சுவரில் சேமிப்பாக நிற்கும். நுனியில் இன்னும் உடையாத ஜோடிகள் தொப்பி மாதிரி இருக்கும்வரை குழாய் தாங்கும். தொப்பி போனால் வரிசைகள் வாழைப்பழத் தோல் மாதிரி வெளியே வளைந்து உரியும். வளர்வதைவிடச் சுருங்குவது பல மடங்கு வேகம். திமத்தி மிட்சிசனும் மார்க் கிர்ஷ்னரும் 1984ல் விவரித்த அந்த வளர்வு-சரிவு ஆட்டம் இதுதான். அந்த இறுக்கத்தில் இருக்கும் சக்தியைக் கொண்டே செல் பிரியும்போது நிறமூர்த்தங்களை இழுக்கிறது.

எப்போது தொப்பி போகும் என்பதைப் புரதங்கள் நிர்ணயிக்கின்றன. இபி1 தொப்பிப் பகுதியைத் தேடிப் பிடித்து மற்ற புரதங்களை அங்கே வரவழைக்கும். கிளாஸ்ப் சரியும் குழாயைத் தடுத்து மீட்கும். எம்காக் என்ற கைனெசின் நடக்காது. நுனியில் நின்று ஜோடியை வளைத்துப் பிடுங்கும். ஸ்டாத்மின் இரண்டு ஜோடிகளை ஒன்றாகப் பிடித்துவைத்துக்கொண்டு கரைசலில் கைவசம் உள்ள டியூபுலினைக் குறைக்கும். செல் பிரியும் நேரத்தில் ஸ்டாத்மின்மேல் பாஸ்பேட் ஏறும், பிடி தளரும்.

கேமரன்_மலை:

சரி அக்கா, திருத்திக்கொண்டேன். குளிரில் குழாய் கலைவதும் இதே காரணத்தாலா?

நுண்ணோக்கி_ஈப்போ:

இல்லை, அது வேறு. ஜோடிகள் சேரும்போது அவற்றைச் சூழ்ந்திருந்த தண்ணீர் விடுபடுகிறது. அதனால் வெப்பம் ஏற ஏறச் சேர்க்கை எளிது, பனிக்கட்டியில் கலையும். இதை வைத்துத்தான் டியூபுலினைச் சுத்தம் செய்வதே. சூட்டில் சேர்த்துச் சுழற்றி வண்டலை எடுத்து, குளிரில் கலைத்து மறுபடி சுழற்றித் தெளிவை எடுப்பார்கள்.

பல்கலைக்கழகத்தில் ஆய்வகம் கிடைப்பவர்களுக்காக, தொடக்கத் தடையைக் கண்ணால் பார்க்கும் கலங்கல் சோதனை:

தாங்கற்கரைசல் 80 மில்லிமோலார் பைப்ஸ், 2 மில்லிமோலார் மக்னீசியம் குளோரைடு, 0.5 மில்லிமோலார் ஈஜிடிஏ, பிஎச் (அமில-கார அளவு) 6.9. பைப்ஸ் தூள் வெறும் தண்ணீரில் கரையாமல் பால்போல் நிற்கும். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சேர்த்து பிஎச் ஏற ஏறத்தான் தெளியும், பயந்து கொட்டிவிட வேண்டாம். இதில் குவானோசின் முப்பாஸ்பேட் 1 மில்லிமோலார், கிளிசரால் 10 விழுக்காடு. டியூபுலின் மில்லிலிட்டருக்கு 3 மில்லிகிராம், அதாவது சுமார் 27 மைக்ரோமோலார்.

டியூபுலினை மைனஸ் 80லிருந்து எடுத்து விரைவாக உருக்கி உடனே பனிக்கட்டியில் வையுங்கள். ஒருமுறை உருகியதை மறுபடி சாதாரணமாக உறையவைத்தால் பாதி செத்துப்போகும். குளிரிலேயே அதிவேகத்தில் சுழற்றிக் கட்டிகளை நீக்குங்கள். குழிகள் உள்ள அளவீட்டுத் தட்டை முன்கூட்டியே 37 டிகிரிக்குச் சூடாக்கி, 100 மைக்ரோலிட்டர் ஊற்றி, 340 நானோமீட்டர் ஒளியில் கலங்கலை 30 விநாடிக்கு ஒருமுறை ஒரு மணி நேரம் அளவிடுங்கள். முதலில் கோடு படுத்தே கிடக்கும், அதுதான் தொடக்கத் தடை. பிறகு ஏறும், பிறகு சமமாகும். பக்கத்துக் குழியில் குழாயை நிலைநிறுத்தும் மருந்தான டாக்சால் 10 மைக்ரோமோலார் சேர்த்தால் அந்தப் படுத்த பகுதி ஏறக்குறைய மறையும். குழாய் சேர்வதைத் தடுக்கும் நொக்கோடசோல் சேர்த்தால் கோடு சரியாக எழும்பாது.

கெடுவது எங்கே என்றால்: படுத்த பகுதியே இல்லாமல் உடனே ஏறினால் டியூபுலினோடு வேறு நுண்குழாய்ப் புரதங்கள் கலந்திருக்கும், அல்லது கட்டிகள் விதையாக வேலை செய்திருக்கும். ஏறவே இல்லையென்றால் கால்சியம் கலந்திருக்கலாம், முப்பாஸ்பேட் பழசாகியிருக்கலாம். கோடு துள்ளித் துள்ளிப் போனால் குமிழி. முடிவில் கட்டாயம் தட்டைப் பனிக்கட்டியில் அரை மணி நேரம் வைத்து மறுபடி அளவிடுங்கள். கலங்கல் இறங்கினால் அது நுண்குழாய். இறங்காவிட்டால் நீங்கள் அளந்தது வெறும் புரதக் கட்டி. (டாக்சால் போட்ட குழி குளிரிலும் அதிகம் இறங்காது, அதைக் கணக்கில் எடுக்காதீர்கள்.) இந்தக் கடைசிப் படியை விட்ட வரைபடத்தை நான் நம்பமாட்டேன்.

சிப்பூட்_படிவம்ஆறு:

நன்றி அண்ணா, அக்கா. இப்போது 14 பந்து வளையம் என்று முடிவு செய்துவிட்டோம். பந்தின் குறுக்களவு 4 சென்டிமீட்டர். உயரம், சாய்வு எல்லாம் எப்படிக் கணக்கிடுவது? பக்கத்தில் ஏதாவது செடி வைத்தால் பார்ப்பவர்களுக்குப் பிடிக்குமா?

வேதிவாணி:

4 சென்டிமீட்டர் என்பது நல்ல அதிர்ஷ்டம். டியூபுலின் ஒன்று 4 நானோமீட்டர் உயரம், ஆகவே 1 சென்டிமீட்டர் = 1 நானோமீட்டர் என்று அளவு வையுங்கள்.

தடித்த அட்டையை 60 சென்டிமீட்டர் உயரத்துக்கு வெட்டுங்கள். சுருட்டினால் 17 சென்டிமீட்டர் குறுக்களவு வர வேண்டும், சுற்றளவு 53.4, ஒட்டுவதற்கு 2 கூடுதல். வெளிப்புறம் 4.1 சென்டிமீட்டருக்கு ஒரு செங்குத்துக் கோடாக 13 கோடு. மேலே பந்து ஒட்டியபின் வெளிக் குறுக்களவு சரியாக 25 வரும். பக்கத்துப் பந்துகளுக்கு நடுவே ஒரு சென்டிமீட்டர் இடைவெளி தெரியும். நிஜ டியூபுலின் உருண்டை இல்லை, பக்கவாட்டில் அகலம் என்பதால் அது பிழை இல்லை.

வலதுகோடியில் உள்ள கோட்டை முதலாவது என்று வைத்து, முதல் காமாப் பந்தின் நடு 2 சென்டிமீட்டர் உயரத்தில். இடது பக்கம் போகப் போக ஒவ்வொரு கோட்டுக்கும் 0.92 சென்டிமீட்டர் ஏற்றுங்கள். 13 படி முடிந்தால் மறுபடி முதல் கோட்டுக்கு வருவீர்கள், 12 சென்டிமீட்டர் மேலே. அங்கேதான் 14ஆவது காமா. வெளியிலிருந்து பார்த்தால் சுருள் இடப்பக்கம் ஏற வேண்டும், சாதாரண மரையாணிக்கு எதிர்ப்பக்கம். இதைத் தலைகீழாக ஒட்டுபவர்கள் நிறைய.

காமாவுக்கு மேலே முதலில் ஆல்பா, பிறகு பீட்டா. முதல் கோட்டில் மட்டும் 14ஆவது காமாவுக்கு மேலிருந்து தொடங்குங்கள். கோட்டுக்கு ஐந்து ஜோடி என்றால் 130 பந்து, காமா 14, மொத்தம் 144. சரியாகப் பன்னிரண்டு டஜன். ஒட்டி முடித்ததும் முதல் கோட்டுக்கும் இரண்டாவது கோட்டுக்கும் நடுவில் மட்டும் ஆல்பாவுக்குப் பக்கத்தில் பீட்டா நிற்பதைப் பார்ப்பீர்கள், மற்ற இடமெல்லாம் ஆல்பாவுக்கு ஆல்பா. அது உங்கள் தவறு இல்லை, நிஜக் குழாயிலும் அந்தத் தையல் உண்டு. ஒரு சிவப்பு நூல் கட்டிக் காட்டுங்கள்.

செம்பனை_நாற்று:

செடி என்றால் நித்தியகல்யாணித் தொட்டி ஒன்று போதும், வீட்டு வாசலிலேயே கிடைக்கும். புற்றுநோய்க்குக் கொடுக்கும் வின்பிளாஸ்டினும் வின்கிரிஸ்டினும் அந்தச் செடியிலிருந்து வந்தவை. குழாய் நுனியில் ஜோடிக்கும் ஜோடிக்கும் நடுவில் செருகி வளர்ச்சியைத் தடுக்கும். செங்காந்தள் வேண்டாம். அதன் கிழங்கில் கொல்ச்சிசின் இருக்கிறது, டியூபுலின் ஜோடியை நிமிரவிடாமல் செய்யும் பொருள் அது. சின்னப் பிள்ளைகள் வரும் இடத்தில் அந்த விஷம் இருக்கக் கூடாது. படம் மட்டும் மாட்டுங்கள்.

அசிட்டோன் கலந்த பசை பந்தை உருக்கிவிடும். வெள்ளைப் பசையோ இரட்டைப்பக்க நுரைநாடாவோ பயன்படுத்தி, வரிசைக்கு ஒரு பந்து முதலில் ஒட்டி ஒரு இரவு விட்டுப் பார்த்துவிட்டு மற்றதைத் தொடங்குங்கள்.